வாயில்லா ஜீவனின் வயிறு

நாயை 'வாயில்லா ஜீவன்' என்று சொல்வது நம்மவர் வழக்கம். இதை முதன்முதலில் சொன்னவர் நாய் வளர்த்தவராக இருக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம். நாய்க்கு வாய் உண்டு. வேண்டிய அளவுக்கு மேலேயே உண்டு. தெருவில் கிடக்கும் எலும்பு, குழந்தை கைதவற விட்ட ரொட்டி, எதிர் வீட்டு மாடியில் உலர்த்திய வடகம், பழைய செருப்பு ஆகிய அனைத்துக்கும் பாரபட்சமின்றி இடம் கொடுக்கும் வாய் அது. அதனிடம் இல்லாதது பேச்சு ஒன்றுதான். "நேற்று இரவு இன்னதைத் தின்றேன், விடியற்காலை முதல் வயிற்றைப் பிசைகிறது" என்று அது சொல்லுமானால் நமக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். சொல்லாதபடியால், நாய்க்கு வீட்டு வைத்தியம் செய்கிறவர் பாதி வைத்தியராகவும் பாதி துப்பறிவோராகவும் இருக்க நேருகிறது.

மகாபாரதத்தின் தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஜனமேஜயன் வேள்வி நடத்திய இடத்துக்கு வந்த சரமையின் குட்டியை அரசனுடைய தம்பிமார் அடித்துத் துரத்துகிறார்கள். அவியுணவை அது நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. தாய் வந்து நியாயம் கேட்கிறாள், பதில் கிடைக்கவில்லை, சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நம் வீடுகளிலும் நாய் வாந்தி எடுத்தால் முதலில் கேட்கும் குரல், "எதைத் தின்று தொலைத்ததோ!" என்பதுதான். தண்டனையைத் தள்ளி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்குவதே நல்ல வைத்தியத்தின் முதற்படி.

நம் வீட்டில் கறுப்பன் என்று ஒருவன் இருக்கிறான். தெருவில் பிறந்து, நம் வாசற்படியில் தானாகவே குடியேறியவன். வயது நான்கு. தடுப்பூசிகளெல்லாம் காலப்படி போட்டாகிவிட்டது. ஒரு தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை அவன் முற்றத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கொல்லைப்புறத்தில் ஒரு முறை பேதியும் ஆயிற்று. பிறகு தூணடியில் போய்ப் படுத்துக்கொண்டு, முகத்தைக் கால்களின்மேல் வைத்து நம்மைப் பார்த்தான்.

வீட்டார் அனைவரும் கூடிவிட்டார்கள். கூடினால் ஆளுக்கொரு மருந்து பிறப்பது இயற்கைதானே! பாட்டி தீபாவளி லேகியத்தை ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுக்கலாம் என்றாள். "நமக்கெல்லாம் கேட்கிற மருந்து அதற்கு மட்டும் கேட்காதா?" என்பது அவள் கேள்வி. வீட்டு அம்மாளுக்கோ அவன் வெறும் வயிற்றோடு கிடப்பது பொறுக்கவில்லை. "பாவம், பாலாவது ஊற்றுங்கள்" என்றாள். விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் தமது பையிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்துப் பாதியாக உடைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

நாம் அப்போது செய்த முதற்காரியம் பட்சண டப்பாக்களைத் திறந்து எண்ணிப் பார்த்ததுதான். இது கஞ்சத்தனம் அன்று. லட்டுவில் உலர்ந்த திராட்சை இருக்கிறது. திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடியது. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்கலேட்டும் விஷம். சர்க்கரை சேராத மிட்டாய்களில் இனிப்புக்காகப் போடும் சைலிட்டால் என்பதோ இன்னும் கொடியது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. உடனே வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதே. நல்லவேளையாக லட்டுக்கள் கணக்கில் சரியாக இருந்தன. மைசூர்பாகில்தான் ஐந்து துண்டுகள் குறைந்தன. குழந்தைகள் இருவரும் தங்கள் பங்கு இரண்டு என்று சத்தியம் செய்தார்கள். மீதி மூன்றும் அவற்றின் நெய்யும் எங்கே போயின என்பது விளங்கிவிட்டது.

பிறகு கறுப்பனின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தோம். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்தவுடன் மறுபடி சிவந்தது. தோளின்மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டோம். உடனே பழையபடி படிந்தது. உடம்பில் நீர் வற்றவில்லை என்பதற்கு இவை அடையாளங்கள். வயிறு உப்பியிருக்கவில்லை. பெயரைச் சொன்னதும் வாலின் நுனி அசைந்தது. இவ்வளவையும் பார்த்த பின்னரே, இது கால்நடை வைத்தியரின் வாசலுக்குப் போக வேண்டிய நோயன்று, நெய் செய்த குறும்பு என்று முடிவு செய்தோம்.

'லங்கனம் பரம ஔஷதம்' என்பது பெரியோர் வாக்கு. வளர்ந்த நாயின் சாதாரண அஜீர்ணத்துக்கு இதைவிடப் பெரிய மருந்தில்லை. ஒரு வேளை ஆகாரத்தை நிறுத்தினோம். மொத்தம் 12 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் பெரிய பாத்திரம் நிறைய வைத்தால் நாய் ஒரே மூச்சில் குடித்து, குடித்ததை மறுபடி வெளியே தள்ளிவிடும். ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் ஒரு சிறு கிண்ணம் அளவே வைத்தோம்.

பட்டினி போடுவது வளர்ந்த நாய்க்கு மட்டுமே பொருந்தும். குட்டிக்கு உடம்பில் சேமிப்பு கிடையாது. சில மணி நேரம் உணவின்றி இருந்தால்கூட இரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். மிகச் சிறிய ஜாதி நாய்களுக்கும், வேறு நோய் உள்ள கிழ நாய்களுக்கும் இதே எச்சரிக்கை.

பாலைப் பற்றி வீட்டு அம்மாளிடம் விளக்க வேண்டியதாயிற்று. தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான நாய்களுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பேதியாகும் வயிற்றில் பால் ஊற்றினால் பேதி அதிகமாகுமேயன்றிக் குறையாது. லேகியத்திலுள்ள மிளகும் சுக்கும் வெந்துபோயிருக்கும் வயிற்றுக்கு எரிச்சல். நெய்யோ வந்த வினையே. மைத்துனரின் மாத்திரை இவை எல்லாவற்றிலும் அபாயமானது. மனிதருக்கான வலி மாத்திரைகள் பல நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தையும் ஈரலையும் பாதிக்கும். கால்நடை வைத்தியர் சொல்லாமல் அவற்றில் ஒரு துணுக்கும் நாயின் வாய்க்குள் போகக் கூடாது.

மாலையில் கறுப்பனுக்குப் பத்தியச் சாப்பாடு ஆரம்பமாயிற்று. பச்சரிசியைக் குழைய வேகவைத்த சாதம் இரண்டு பங்கு. எலும்பும் தோலும் நீக்கி வெந்நீரில் மட்டும் வேகவைத்த கோழி இறைச்சி ஒரு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா ஒன்றும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை அழிப்பவை. ஆகவே சாம்பார், ரசம் கலந்த மிச்சச் சாதம் நல்ல நாளிலும் ஆகாது. நம் வீட்டில் மரக்கறிதான். அடுத்த வீட்டு அம்மாள் கோழியை வேகவைத்துச் சுவருக்கு மேலாகக் கொடுத்து உதவினாள். பாட்டி அந்தப் பக்கம் பார்க்காமல், "மருந்துக்குத் தோஷமில்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். கோழிக்கு வழியில்லாத வீடுகளில், குழைந்த சாதத்தோடு உப்பில்லாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் சிறிதும், புளிக்காத தயிர் ஒரு கரண்டியும் சேர்த்துக் கொடுக்கலாம். தயிராகும்போது பாற்சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுவதால் பல நாய்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன.

வழக்கமான அளவை ஒரே தடவையாக வைக்காமல் நான்கு சிறு வேளைகளாகப் பிரித்து வைத்தோம். இரண்டு நாள் இப்படி. அடுத்த மூன்று நாள் பழைய ஆகாரத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஆறாம் நாள் முழுவதும் பழையபடி. மூன்றாம் நாளே கறுப்பன் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான். அதைவிடச் சிறந்த ஆரோக்கியச் சான்றிதழ் எந்த வைத்தியராலும் கொடுக்க முடியாது.

மாமிசபட்சிணியான நாய்க்கு அரிசிச் சாதம் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று சிலர் கேட்கலாம். ஸ்வீடன் தேசத்து உப்சாலாவிலுள்ள விஞ்ஞானிகள் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாவுப்பொருளைச் செரிப்பதற்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை அவர்கள் கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து வாழ வந்த நாய், அவன் சோற்றையும் செரிக்கப் பழகிக்கொண்டது. அந்த வயிற்றுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் கொஞ்சமன்று. ருஷ்ய தேசத்துப் பாவ்லவ் நாய்களைக் கொண்டே ஜீரணத்தின் இரகசியங்களை ஆராய்ந்து 1904-ல் நோபல் பரிசு பெற்றார். நம் வயிற்றின் பாடத்தை நாம் படித்தது நாயின் வயிற்றில்தான்.

கஞ்சியும் பட்டினியும் எல்லா நோயையும் தீர்க்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் குழந்தைகளுக்காக இரண்டு மாதக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். தடுப்பூசி இன்னும் போடவில்லை. வந்த ஐந்தாம் நாள் அது வாந்தி எடுத்து, உணவைத் தொடாமல் சுருண்டு படுத்தது. அன்புள்ள குடும்பம், இரவெல்லாம் விழித்திருந்து கஞ்சித் தண்ணீரும் மோரும் கரண்டியால் புகட்டினார்கள். மூன்றாம் நாள் இரத்தமாகப் போயிற்று. அதன் பிறகே வைத்தியரிடம் எடுத்துச் சென்றார்கள். மறுநாள் குட்டி இல்லை. அந்த வீட்டுச் சிறுமி நம்மிடம், "கறுப்பனுக்கும் கஞ்சிதானே கொடுத்தீர்கள், மாமா? அவன் பிழைத்தானே?" என்று கேட்டாள்.

அதற்கு வந்தது பார்வோ என்னும் வைரஸ் நோய். 1978-ல் கண்டறியப்பட்ட அந்த நோய் சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. குடலின் உட்புறத்தையே அது அழிக்கிறது. தக்க காலத்தில் வைத்தியசாலையில் சேர்த்து, நரம்பின் வழியாக நீர் ஏற்றிச் சிகிச்சை செய்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன. வீட்டில் கழியும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரையில் தவணை தவறாமல் போடும் தடுப்பூசியே இதற்குக் காப்பு. அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் அந்த வீட்டுக்கு உடனே வேறொரு குட்டியைக் கொண்டுவருவதும் தகாது.

ஆகவே வீட்டு வைத்தியத்தின் எல்லையைத் தெரிந்துகொள்வது வைத்தியத்தைத் தெரிந்துகொள்வதைவிட அவசியம். குட்டியாயிருந்தால் காத்திருக்க வேண்டாம். வளர்ந்த நாயானாலும், குடித்த தண்ணீரும் தங்காமற்போனால், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் கண்டால், மலம் கீல்போலக் கறுத்தால், ஈறு வெளுத்தால், எழுந்திருக்க மனமின்றித் துவண்டால், ஒரு நாள் முழுவதும் கழிந்தும் குணம் தெரியாவிட்டால், கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமே ஓங்கரிக்கும் நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குச் சில மணி நேரமே அவகாசம். தொட்டால் சுடுகிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். நாயின் இயற்கையான சூடு 101 முதல் 102.5 டிகிரி, நம்மைவிட அதிகம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். புல்லைத் தின்பதும் தனியே ஒரு நோய்க்குறி அன்று. நல்ல உடம்போடிருக்கும் நாய்களும் புல் தின்கின்றன.

இன்னொரு சிறு யோசனை. நாயின் உடம்பு சரியில்லாத நாளில், நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் எத்தனை மணிக்கு வாந்தி, எத்தனை முறை பேதி, என்ன நிறம், எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று குறித்து வையுங்கள். சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், உங்கள் ஊர் அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போனாலும் டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். நோயாளி வாய் திறந்து சொல்லப் போவதில்லை. அதற்காகச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். குழந்தைகளிடம் இந்த வேலையை ஒப்புவித்தால் அவர்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

அன்பு என்றால் ஊட்டுவது என்றே நாம் பழகியிருக்கிறோம். நோயாளி நாய்க்கு முன்னால் அந்த அன்பு சிறிது கையைக் கட்டிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வருகிற தீபாவளிக்கு வாசகர்கள் பட்சணங்களைச் சுடும்போதே, டப்பாக்களை வைக்க உயரமான பரண் ஒன்றையும் பார்த்து வைப்பார்களாக.