விஷ்ணுபுரத்து வட்டச் சீட்டுகள்

கரக்பூரில் வாழும் நம்மவர்களுக்குச் சீட்டாட்டத்தைப் பற்றிப் புதிதாக ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. பெங்கால் நாகபுரி ரயில்வேயின் காலத்தில் தெலுங்கரும் தமிழருமாகத் தென்னாட்டார் இங்கு வந்து இறங்கியபோது, டிரங்குப் பெட்டிக்குள் ஊறுகாய்ச் சாடியோடு ஒரு சீட்டுக்கட்டும் இருந்ததென்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் குடியிருப்பின் மரத்தடியில் ரம்மியும் இருபத்தெட்டும் நடக்கின்றன. அடுப்பங்கரையிலிருந்து அவற்றுக்குக் கிடைக்கும் அர்ச்சனையும் குறைவின்றி நடக்கிறது. பிள்ளைகளின் ஆட்டம் வேறு. எங்கள் வீட்டுப் பையனுக்கு வயது பத்து. ஜப்பானில் 1996-ஆம் ஆண்டில் பிறந்த போக்கிமான் சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறான். இரண்டு கொடுத்து ஒன்று வாங்குவதும், கிடைக்காத ஒன்றுக்காக ஏங்குவதுமாக அவனுடைய வர்த்தகம் சரக்கு அலுவலகத்தைக் காட்டிலும் மும்முரமானது.

இப்படி மூன்று தலைமுறையாகச் சீட்டோடு பழகிய நமக்கு, எண்பது கிலோமீட்டர் சொச்சத் தொலைவில், நம் பாரத நாட்டின் பழஞ்சீட்டுகளைக் கையால் வரைகின்ற ஊர் ஒன்று இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. சென்ற மார்கழியில் அவ்வூருக்குப் போய்வந்தோம். நாங்கள் இருவர், தாயார், பையன், அலுவலக நண்பர் ஒருவர் ஆக ஐவர். ஐவர் என்ற கணக்குக்கு ஒரு காரணம் பின்னால் வரும்.

ஊரின் பெயர் விஷ்ணுபுரம். வங்காள நாவு அதைப் பிஷ்ணுபூர் என்று வழங்குகிறது. பாங்குரா மாவட்டத்தில் உள்ளது. ஆத்ரா செல்லும் பாதையில் காலை வண்டியில் ஏறி அமர்ந்தால், கரக்பூரின் அந்த நீண்ட நடைமேடை மெல்லப் பின்வாங்கும். 1072 மீட்டர் நீளமுள்ள அந்த மேடை உலகிலேயே நீளமானது என்று நெடுங்காலம் பெருமை பேசினோம். 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹுப்பள்ளியும் அப்பெருமையைப் பறித்துக்கொண்டன. அதனால் நடக்கும் கால்களுக்கு வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. கங்சாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்து மேதினிபூர் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. செம்மண், அதன்மேல் சால மரக்காடு. சால்போனி, கட்பேத்தா என்று நிலையங்கள் கழிய, வங்காளத்தின் வயலும் குளமும் மறைந்து வேறொரு நாட்டுக்குள் நுழைந்தது போன்ற எண்ணம் உண்டாகிறது.

மல்ல மன்னர்கள் ஆண்ட தலைநகரம் இது. அவர்களுள் பீர் ஹம்பீர் என்பவன் அக்பர் காலத்தவன். ஸ்ரீநிவாச ஆசாரியரால் வைணவனாகி, ஊரையே கோயில்களால் நிரப்பும் மரபைத் தொடங்கி வைத்தவன். கருங்கல் கிடைக்காத நாடாகையால் செங்கல்லையும் செம்புறைக் கல்லையும் கொண்டே கட்டினார்கள். 1600-ஆம் ஆண்டின் ராசமஞ்சம், 1643-இன் சியாம்ராய் கோயில், 1655-இன் ஜோர் பங்களா, 1694-இன் மதன்மோகன் கோயில் ஆகிய நான்கையும் பார்த்தோம். தஞ்சையும் மதுரையும் பார்த்த கண்ணுக்கு இவை உருவில் சிறியவை. ஆனால் அருகே சென்று நின்றால், சுட்ட மண்ணில் இத்தனை உருவங்களா என்று வாயடைத்துப் போகிறது. சியாம்ராய் கோயிலின் ராசலீலைச் சக்கரத்தின் முன் தாயார் அரைமணி நேரம் நின்றார். கோயில்களைப் பற்றி எழுதினோர் பலர். ஆகவே அவற்றை இவ்வளவில் விட்டுவிட்டுச் சீட்டுக்கு வருகிறோம்.

சங்கு வளை செய்வோரும் நெசவாளரும் வாழும் தெருக்களின் ஊடே விசாரித்துக்கொண்டு சென்றால், தலைமுறை தலைமுறையாக இச்சீட்டுகளை வரைந்துவரும் ஃபௌஜ்தார் குடும்பத்தாரிடம் யாரேனும் கொண்டு சேர்த்துவிடுவார்கள். மல்லர் அரண்மனையின் துர்க்கை பூஜைக்குப் படம் எழுதித் தருபவர்களும் இவர்களே. எங்களை வரவேற்ற ஓவியர் திண்ணையில் பாய் விரித்து, ஒரு துணிப்பையை அவிழ்த்தார். உள்ளங்கை அகலமுள்ள வட்ட வில்லைகள் அப்பளம்போல் அடுக்கடுக்காக வெளிவந்தன. இதற்குத் ‘தசாவதார் தாஸ்’ என்று பெயர். தாஸ் என்றால் சீட்டு.

மொத்தம் 120 சீட்டுகள். திருமாலின் பத்து அவதாரங்கள் பத்து இனங்கள். ஓர் இனத்துக்குப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்று அரசன், ஒன்று மந்திரி, எஞ்சியவை ஒன்று முதல் பத்து வரை எண்சீட்டுகள். அரசன் சீட்டில் அவதாரமூர்த்தி கோயில் மாடத்துக்குள் வீற்றிருப்பார். மந்திரி சீட்டில் அதே மூர்த்தி மாடமின்றித் தோன்றுவார். எண்சீட்டுகளில் அந்தந்த அவதாரத்தின் அடையாளம் மட்டும் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கும்: மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, வராகத்துக்குச் சங்கு, நரசிம்மத்துக்குச் சக்கரம், வாமனனுக்குக் கமண்டலம், பரசுராமனுக்குக் கோடரி, இராமனுக்கு அம்பு என்று இவ்வாறு. நம் ஊரில் கண்ணனுக்குத் தரும் இடத்தை இங்கே புத்தர் பெற்றிருக்கிறார். அவரும் பூரி ஜகந்நாதராகவே வரையப்பட்டிருக்கிறார். அவருக்குத் தாமரை. ஐந்து தாமரை வரைந்த சீட்டைக் கண்டு பையன், “இது பூக்கடையா?” என்று கேட்டான்.

செய்யும் முறையை அவர் விளக்கியபோது தாயாரின் முகம் மலர்ந்தது. பழைய துணியைப் பல மடியாக ஒட்டி, மேலே சுண்ணப்பொடி பூசி, வெயிலில் உலர்த்தி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, வட்டமாக வெட்டி, அதன்பின் வரைகிறார்கள். பின்புறத்துக்கு அரக்கும் சிந்தூரமும் பூசிச் சிவப்பேற்றுகிறார்கள். துணியை ஒட்டும் பசை எது தெரியுமா? புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை. “நாம் பல்லாங்குழிக்கு வைத்துக்கொள்கிற கொட்டையா!” என்றார் தாயார். அதைப் பையன் வங்காளியில் பெயர்த்துச் சொன்னான். இங்கேயே பிறந்த பிள்ளைகள்தாம் நம் வீடுகளில் துபாஷிகள். ஓவியர் உள்ளே சென்று ஒரு கைப்பிடி கொட்டையைக் கொண்டுவந்து காட்டினார்.

அதுவரை தாயாருக்கு ஒரு மனக்குறை இருந்தது. நரசிம்மப் பெருமாளைத் தரையிலே வீசிச் சீட்டாடுவதா என்பதே அது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபத படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டியவர் தாமும்தானே என்று வீட்டிலிருந்தே அவருக்குப் பதில் கிடைத்தது. “அது வேறே” என்றார். கொட்டையைக் கண்டபிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பையன் தன் துறையில் தேர்ந்தவனாகையால் அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே: “இதிலே எது பலசாலி?” போக்கிமான் சீட்டில் ஒவ்வொன்றின் வலிமையும் எண்ணாக அச்சிட்டிருக்குமாம். ஓவியர் சிரித்தார். “இப்போது பகல், மழையும் இல்லை. ஆகவே இராமன்” என்றார். இந்த விடை எங்களுக்கும் வியப்பாயிற்று. பகலில் ஆடினால் இராமனை உடையவர் முதலில் இறங்கவேண்டும். இரவானால், அந்திப்பொழுதானால், மழை பெய்தால் அந்த முதன்மை வேறு வேறு அவதாரங்களுக்குப் போய்விடும். ஆட உட்காருமுன் வானத்தை அண்ணாந்து பார்க்கவேண்டிய சீட்டாட்டம் இது! துருப்பு என்பது கிடையாது. மேலும் ஒரு நுட்பம்: ஐந்து இனங்களில் அரசன், மந்திரிக்கு அடுத்தது பத்து, ஒன்பது என்று இறங்கும், மற்ற ஐந்தில் அதுவே தலைகீழாகி, மந்திரிக்கு அடுத்தது ஒன்று, கடைசி பத்து. ஓர் இனத்தில் சிற்றரசனாயிருக்கும் பத்து, மற்றோர் இனத்தில் ஏவலாளனாகிவிடும். ஆடுவோர் ஐவர்; ஆளுக்கு 24 சீட்டுகள். எவை இறங்கின, எவை எவர் கையில் என்பதை இறுதிவரை நினைவில் வைப்பவரே வெல்வார். ரம்மியில் நினைவாற்றலைப் பற்றிப் பெருமை பேசும் எங்கள் நண்பர் இதைக் கேட்டு மௌனமானார்.

இவ்வாட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் வழக்கு உண்டு. 1895-இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி அவர்கள் வங்காள ஆசியச் சங்கத்தின் ஏட்டில் இவ்வூர் வட்டச் சீட்டுகளைப் பற்றி எழுதினார். சீட்டு வரிசையில் புத்தர் ஒன்பதாம் இடத்தில் இல்லாமல் ஐந்தாம் இடத்தில் இருப்பதைச் சுட்டி, அவதார வரிசை நிலைபெறுமுன்பே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, இவ்வாட்டம் தோன்றியிருக்கவேண்டும் என்று கருதினார். ஊரார் சொல்லும் கதையோ பீர் ஹம்பீர் அக்பர் அவையில் கண்டு கொணர்ந்தான் என்பது. எங்களுக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கஞ்சீபா என்னும் சீட்டாட்டம் பாரசீக வழியாக வந்ததென்பதே அறிஞர் பலரின் முடிபு. 1527-இல் பாபர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சீபா அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பருடைய 144 சீட்டுக் கட்டைப் பற்றி அபுல் ஃபசல் விரிவாகச் சொல்கிறார். வெளியிலிருந்து வந்த ஆட்டத்தில் தம் தெய்வங்களை ஏற்றி அமர்த்தித் தம்முடையதாகவே செய்துகொண்டார்கள் நம் நாட்டு ஓவியர்கள். ஒடிசாவில் அதுவே கஞ்சப்பா. அங்கே இராமாயணத்தையும் சீட்டில் ஏற்றினார்கள். மராட்டியத்துச் சாவந்தவாடியிலும் இக்கலை உண்டு. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தாமே புதுப்புது சீட்டாட்டங்களை வகுத்தார்.

இத்தனையும் சொல்லிவந்த ஓவியர், வாங்க வருபவர்கள் எவரும் ஆட்டவிதியைக் கேட்பதில்லை என்றார். பட்டணத்திலிருந்து வருகிறார்கள், பத்து அரசர்களை மட்டும் வாங்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டி வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். எண்சீட்டுகள் தேவையில்லை. ஆடத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஐவர் கூடுவது இவ்வூரிலேயே அரிதாகிவிட்டது. இதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. சட்டத்தில் மாட்டுபவர்களால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. அவர்களைக் குறை கூற நாம் யார்? நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை அலமாரிப் பொம்மைகளுக்கிடையே ஏறிப் பத்தாண்டு ஆகிறது. ஆயினும் மூன்று ஆமை வரைந்த ஒரு சின்னச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எவரும் கேட்பதில்லை என்று அவர் சொன்னபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அரசன் அரசனாவதே அந்த மூன்று ஆமையை வெல்வதால்தானே?

முழுக்கட்டின் விலை எங்கள் பைக்கு எட்டாதது. ஒவ்வொன்றும் கையால் வரைந்தவை, நாள்கணக்கான உழைப்பு. அதிகம் என்று சொல்ல வாய் வரவில்லை. 48 சீட்டுகள் கொண்ட ‘நக்ஷ்’ என்னும் சிறுகட்டு ஒன்றும் அவ்வூரில் உண்டு. அதை வாங்கினோம். அதில் அரசனுக்கு 12, மந்திரிக்கு 11, மற்றவற்றுக்கு எண்ணே மதிப்பு. கையில் 17 சேரவேண்டும். அரசனோடு ஐந்து வந்தாலும் மந்திரியோடு ஆறு வந்தாலும் நக்ஷ்! திருவிழாக் காலத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டமாம். மாலை வண்டியில் துண்டை விரித்து நிலக்கடலையைப் பந்தயமாக வைத்து ஆடினோம். கட்பேத்தாவில் ஏறிய வங்காளிப் பெரியவர் ஒருவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தம் பாட்டனார் வீட்டில் இப்படி வட்டச் சீட்டு இருந்ததாகச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமும் அமர்ந்துகொண்டார். மேதினிபூர் வருவதற்குள் எங்கள் கடலை முழுவதும் அவரிடம் சேர்ந்துவிட்டது.

வீடு திரும்பியபின் பையன் அட்டைப் பெட்டிகளை வட்டமாக வெட்டத் தொடங்கினான். தசாவதாரக் கட்டு முழுவதையும் நாமே செய்து ஆடுவது என்று தீர்மானம். ஓவியர் கைவண்ணம் நமக்கு ஏது? மீன் மீன்போலத் தெரிந்தால் போதும். புளியங்கொட்டைப் பசை தாயார் பொறுப்பு. முதல் முறை காய்ச்சியது கட்டியாகி, இரண்டாம் முறை நன்றாக ஒட்டியது. இதை எழுதும்போது மச்சமும் கூர்மமும் வராகமும் முடிந்து, நரசிம்மத்தின் சக்கரங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. எஞ்சியவை தைக்குள் முடிந்துவிடும்.

ஆட ஐவர் வேண்டும். எங்கள் நண்பருக்குச் சென்ற வாரம் சக்ரதர்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஆகவே இப்போது நால்வர் இருக்கிறோம். விருப்பமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கக் கட்டிடத்துக்கு வரலாம். மழை பெய்தாலும் ஆட்டம் உண்டு.