தவளைத் தோல்

2003 பிப்ரவரியில் அண்ணன் அழைத்தபோது எனக்கு முன்னால் ஒரு தவளைத் தோல் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வோம். காலையில் கொன்ற தவளையின் வயிற்றுத் தோலை இரண்டு பிளாஸ்டிக் கலங்களுக்கு நடுவில் இறுக்கி, இருபுறமும் ஒரே உப்புக் கரைசலை நிரப்பியிருந்தேன். தவளை செத்தாலும் தோலின் செல்கள் பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

தவளை நன்னீரில் கிடப்பதால் அதன் உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட, தோல் குளத்து நீரிலுள்ள சொற்பச் சோடியத்தையும் உள்ளே இழுக்கிறது. சோடியம் அயனி நேர்மின்னேற்றம் உள்ளது. ஆகவே தோலின் உட்புறம் நேர், வெளிப்புறம் எதிர். கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அந்த மின்னழுத்தத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தார். இருபுறமும் ஒரே கரைசல், மின்னழுத்த வேறுபாடும் இல்லை. அயனிகளை ஒரு பக்கமாகத் தள்ள வெளிக்காரணம் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் மின்னோட்டம் நிற்கவில்லை! கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு அளந்தால், உள்ளே போகும் நிகரச் சோடியமும் அந்த மின்னோட்டமும் ஒத்துப்போயின. செரானுடன் அவர் 1951இல் வெளியிட்ட கட்டுரை அது. அதைப் படித்துத்தான் கடன் வாங்கி இங்கிலாந்துக்கு வந்தேன்.

"அப்பா போயிட்டாருடா. ஐஸ் பெட்டி சொல்லியாச்சு. நாளன்னைக்குக் காலைல வரைக்கும் வச்சிருக்கலாம். வந்துருவியா?"

டிக்கெட் கிடைக்காது என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. ஆய்வேட்டுக்கு எட்டுத் தோல் வேண்டும், அது ஆறாவது. அடுத்த கட்டுத் தவளைகள் வர மூன்று வாரம் ஆகும். பேராசிரியரிடம் சொல்லியிருந்தால் அவரே போகச் சொல்லியிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

அன்றிரவு கடைசியில், வெளிப்புறக் கரைசலில் அமிலோரைடு சேர்த்தேன். சோடியம் நுழையும் வழியை அது அடைத்துவிடும். பதிவுத்தாளில் பேனா சரசரவென்று கீழே இறங்கியது. நேரத்தைக் குறித்துக்கொண்டு கலத்தைக் கழுவினேன். மறுநாள் ஏழாவது.

அந்தப் பட்டத்தால் எனக்கு ஒரு வேலையும் அமையவில்லை. பிழைப்பு கணினியில்தான். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் திதிக்கு வந்த சித்தி ஏதோ ஆரம்பித்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவன் என்ன செய்வான், பாவம். டிக்கெட் கிடைக்கலையே."