ஃபெர்லாக் பட்டறைகளில் காலிபரும் பின்னுதைப்பும்

வேட்டைத் துப்பாக்கிகளின் காலிபர்களை ஒப்பிடும் அட்டவணைகள் பெரும்பாலும் குண்டின் எடை, வேகம், ஆற்றல் என்ற எண்களோடு நின்றுவிடுகின்றன. அந்த எண்களைத் தோளில் வாங்கும் உடலையும், அந்த உடலுக்கும் எஃகுக் குழலுக்கும் நடுவே மரத்தை இழைத்துப் பொருத்தும் கைவினைஞரையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரியாவின் தென்கோடியில், சுலோவேனிய எல்லையாக நிற்கும் கரவாங்கன் மலைகளின் அடிவாரத்தில் உள்ள ஃபெர்லாக் என்னும் சிற்றூரின் பட்டறைகளில் இந்த ஒப்பீடு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒருவர் கேட்கும் தோட்டாவின் பெயரோடு, அவருடைய கையின் நீளம், தோளின் அகலம், அவர் ஏறப்போகும் மலை, சுடப்போகும் விலங்கு ஆகியவையும் அங்கே குறித்துக்கொள்ளப்படுகின்றன. ஒரு காலிபர் தாங்கத்தக்கதா என்பதைத் தோட்டா மட்டும் தீர்மானிப்பதில்லை, துப்பாக்கியின் எடையும் மரக்கட்டையின் வடிவமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது அத்தொழிலின் அடிப்படை அறிவாகும்.

ஊரார் தம் தொழிலின் தொடக்கமாக 1558-ஆம் ஆண்டைக் கொள்கின்றனர். ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் ஃபெர்டினாண்ட் மேற்கிலிருந்து துப்பாக்கிக் கொல்லர்களை வரவழைத்து இங்கே குடியேற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இரும்பும், சம்மட்டிகளை இயக்கும் ஓடைநீரும், கரிக்கு வேண்டிய காடும் அருகருகே கிடைத்ததால் ஹாப்ஸ்பர்க் படைகளுக்கான துப்பாக்கிகள் இங்கே உருவாயின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டேயர் நகரத்துப் பேராலை படைக்கலன்களை இயந்திரத்தால் செய்யத் தொடங்கியபின், ஃபெர்லாக் வேட்டைத் துப்பாக்கியையே தன் பிழைப்பாக்கிக்கொண்டது. 1878-இல் தொடங்கிய தொழிற்பள்ளி துப்பாக்கித் தொழிலையும் உலோகச் செதுக்குவேலையையும் இன்றும் கற்பிக்கிறது. 2010-இல் இக்கைத்தொழில் ஆஸ்திரியாவின் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு. ஐரோப்பிய வழக்கில் 9.3×74 ஆர் என்று எழுதினால், முதல் எண் விட்டத்தையும் இரண்டாம் எண் தோட்டாக் கூட்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும்; ஆர் என்னும் எழுத்து கூட்டின் அடியில் புடைத்து நிற்கும் விளிம்பைக் குறிக்கும். குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கிகளில் வெற்றுக் கூட்டைப் பற்றி இழுக்க அந்த விளிம்பு உதவுவதால், ஃபெர்லாக் பட்டறைகளில் ஆர் வகைத் தோட்டாக்களே மிகுதியாகப் புழங்குகின்றன. அமெரிக்க .30-06 என்ற பெயரிலோ அங்குல அளவோடு, அமெரிக்கப் படை அத்தோட்டாவை ஏற்ற 1906-ஆம் ஆண்டு சேர்ந்துள்ளது. இப்பெயர்களில் எதுவும் சுடுபவர் தோளில் என்ன இறங்கும் என்பதைச் சொல்வதில்லை.

தோளில் இறங்குவது பின்னுதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படுதல். முன்னே பாயும் குண்டின் உந்தமும், அதன்பின் குழல்வாயிலிருந்து அதைவிட விரைவாகப் பீறிடும் வெடிமருந்து வாயுவின் உந்தமும் சேர்ந்து எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவு. அந்த உந்தத்தை முடிவு செய்வது தோட்டா. ஆனால் அது எவ்வளவு ஆற்றலாக உடலைச் சேரும் என்பதைத் துப்பாக்கியின் நிறை முடிவு செய்கிறது, நிறை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இருமடங்காகும். 11.7 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .30-06 தோட்டாவை 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் பின்னுதைப்பு சுமார் 30 ஜூல்; அதே தோட்டாவை 2.6 கிலோ எடையில் சுட்டால் அது 40 ஜூலைத் தாண்டுகிறது. 32.4 கிராம் குண்டை 655 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவோ ஐந்து கிலோ எடையுள்ள துப்பாக்கியிலும் 85 ஜூல் அளவுக்கு உதைக்கும்.

ஃபெர்லாக்கின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஷமோய் என்னும் மலையாட்டினத்தைத் தேடிப் பாறைச் சரிவுகளில் நெடுநேரம் ஏறுபவர் கனத்த துப்பாக்கியை விரும்புவதில்லை. அவருக்காகவே ஒரே ஒரு தோட்டா கொள்ளும், மடக்கித் திறக்கும், மூன்று கிலோவுக்கும் குறைந்த ரைபிள்கள் இவ்வூரில் செய்யப்படுகின்றன. எடையைக் குறைப்பது கைவினையின் பெருமைதான் எனினும் குறைத்த ஒவ்வொரு கிராமும் தோளில் திரும்பி வருகிறது. ஆகவே இத்தகைய துப்பாக்கிக்கு 6.5×57 ஆர் போன்ற சிறு காலிபர் பொருந்துகிறது; 2.6 கிலோ எடையில் சுட்டாலும் அதன் பின்னுதைப்பு 25 ஜூலை ஒட்டியே நிற்கும். இலேசான துப்பாக்கியையும் பெரிய காலிபரையும் ஒருசேர விரும்புவோர் பலர். அந்த விருப்பத்தை முழுதாக நிறைவேற்ற இயற்பியல் இடம் தருவதில்லை.

விட்டத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுவோர் வியக்கத்தக்க ஓர் இணை உண்டு. 7.62 மில்லிமீட்டர் விட்டமுள்ள .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவும், 9.3×74 ஆர் தோட்டாவும் ஒரே எடையுள்ள துப்பாக்கியில் ஏறத்தாழ ஒரே அளவு பின்னுதைப்பையே தருகின்றன; 3.6 கிலோ எடையில் இரண்டும் 45 ஜூலை ஒட்டி வருகின்றன. எனினும் வேட்டைக்காரர் பலர் பின்னதைத் தள்ளல் என்றும் முன்னதை அடி என்றும் வேறுபடுத்திச் சொல்கின்றனர். .300 தோட்டாவில் மருந்து மிகுதி, அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4,300 பார், 9.3×74 ஆர் தோட்டாவுக்கோ 3,400 பார் மட்டுமே. மிகுந்த அழுத்தத்தோடு குழல்வாயில் வெடித்துப் பரவும் ஓசையையும் காற்றதிர்வையும் உடல் பின்னுதைப்போடு சேர்த்தே உணர்கிறது என்பது இவ்வேறுபாட்டுக்குத் தக்க விளக்கமாகும். குழல்வாயில் துளையிட்ட தடுப்பைப் பொருத்தி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்னுதைப்பு குறையும். ஆனால் அந்த ஓசை சுடுபவரின் காதையும் அருகில் நிற்போர் காதையும் வேட்டை நாயின் காதையும் தாக்குவதால், அதைத் தீர்வாகக் கொள்வது கடினம். ஒலியடக்கி இவ்வகையில் மேலானது. வாயுவை அது உள்ளேயே தேக்கி ஓசையையும் உதைப்பையும் சேர்த்துத் தணிக்கிறது.

பின்னுதைப்பை உண்மையில் ஆள்பவர் மரக்கட்டை செய்பவர். பூவேலைச் செதுக்குநர் பெறும் புகழை அவர் பெறுவதில்லை என்பது வருந்தத்தக்கது. துருக்கியிலிருந்தும் காக்கேசியப் பகுதியிலிருந்தும் வரும் வால்நட் மரப்பலகையில் அவர் முதலில் பார்ப்பது அழகிய கோடுகளை அன்று. கைப்பிடி மெலியும் இடத்தில் மரத்தின் இழையோட்டம் நெடுக்காகச் செல்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார், குறுக்கே ஓடினால் கனத்த காலிபரின் உதைப்பில் கட்டை அங்கேயே பிளக்கும். உலோகப் பகுதியில் மெல்லிய கரிப்பூச்சைத் தடவி மரக்குடைவில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடியும் அழுத்திப் பார்க்கும் வேலை, பரப்பு முழுதும் ஒரே சீராகக் கரி படியும்வரை நீள்கிறது. ஓரிடத்தில் மட்டும் எஃகு மரத்தைத் தொட்டால் உதைப்பு முழுதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி வெடிப்பை உண்டாக்கும் என்பதே இவ்வளவு பொறுமைக்குக் காரணம்.

கட்டையின் வடிவமும் அதே அளவு முக்கியமானது. குழலின் அச்சுக்கும் தோள் படும் இடத்துக்கும் இடையே உயர வேறுபாடு மிகுந்தால் துப்பாக்கி பின்னே வருவதோடு நிற்காமல் மேல்நோக்கியும் சுழலும். கன்னம் பதியும் மேல்விளிம்பு பின்னோக்கித் தாழ்ந்து சென்றால், துப்பாக்கி பின்னே வரும்போது உயரமான முன்பகுதி கன்னத்தில் வந்து இடிக்கும். அவ்விளிம்பு முன்னோக்கிச் சற்றே தாழ்ந்திருந்தால் கட்டை கன்னத்தை விட்டு விலகிச் செல்லும். நீளம் குறைந்தால் கட்டைவிரல் மூக்கிலும் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்திலும் படும். மிகுந்தால் அடிப்பகுதி தோள்குழியில் அமராமல் புயத்தில் நிற்கும். அடிப்பகுதியின் பரப்பு அகலமானால் அதே உதைப்பு பரவலாக இறங்கும். அதன்மேல் பொருத்தும் ரப்பர் திண்டு உதைப்பு இறங்கும் நேரத்தைச் சிறிது நீட்டிக்கொடுக்கும்.

இந்த அக்கறையைச் சுடுபவரின் வசதிக்கானது என்று மட்டும் கருதுவது பிழையாகும். உதைப்பை எதிர்பார்க்கும் உடல், விசையை இழுக்கும் கணத்திலேயே கண்ணை மூடித் தோளை இறுக்குகிறது. குழல் சிறிதே விலகினும் குண்டு நெஞ்சுக்குப் பதில் வயிற்றிலோ தாடையிலோ பட்டு, விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடி நெடுநேரம் துன்புறும். ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் செம்மானுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டர் தொலைவில் 2,000 ஜூல் ஆற்றலும் வேண்டும் என்கிறது. கீழெல்லையை இவ்வாறு சட்டம் வகுக்கலாம், மேலெல்லையைத் தன் உடலறிந்து சுடுபவரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. மருந்தில்லாப் போலித் தோட்டாவை இடையிடையே கலந்து பழகுதல், இரட்டைக் காதுக்காப்பு, சிறு காலிபரில் தொடங்கிப் படிப்படியாக ஏறுதல் ஆகியவை இந்த அச்சத்தைக் களையும் வழிகள்.

கனத்த இரட்டைக்குழல் ரைபிளில் பின்னுதைப்பு இன்னும் ஆழமான இடத்தில் குறுக்கிடுகிறது. அதன் காலிபர்களின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு: பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கிகளில் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்ய, அதற்கு மாற்றாகப் பரவியவற்றுள் .470 ஒன்று. அத்தோட்டாவின் குண்டு குழலைக் கடக்கும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிவினாடிக்குள்ளேயே ஐந்து கிலோ துப்பாக்கி நான்கு மில்லிமீட்டர் அளவு பின்னே நகர்ந்துவிடுகிறது. வலக்குழல் வெடிக்கும்போது முனை வலப்புறமும் மேலேயும், இடக்குழல் வெடிக்கும்போது இடப்புறமும் மேலேயும் விலகுவதால், இரு குழல்களையும் இணையாகப் பொருத்தினால் குண்டுகள் அகன்று போகும். ஆகவே குழல்வாயை நோக்கி அவை சற்றே நெருங்குமாறு பற்றவைக்கப்படுகின்றன. எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். நேர்ப்படுத்துநர் இரு குழலிலும் சுட்டு, இலக்குத்தாளில் துளைகளைப் பார்த்து, முனையைச் சூடாக்கிப் பற்றை இளக்கி, நடுவிலுள்ள ஆப்பை இம்மியளவு நகர்த்தி, ஆறவைத்து மீண்டும் சுடுகிறார். 85 ஜூல் உதைப்பை ஒவ்வொரு முறையும் ஒரே பிடியில் ஏற்றாக வேண்டும், ஏனெனில் பிடி மாறினால் துளைகள் பொய் சொல்லும்.

அவ்வாறு நேர்ப்படுத்திய துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட குண்டின் எடைக்கும் ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கும் மட்டுமே உண்மையாக இருக்கும். அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடு மிகையான அழுத்தத்தில் சோதித்து அரசு முத்திரையிடும் சோதனைச்சாலை துப்பாக்கியின் வலிமைக்கு உறுதி தருகிறதே தவிர, இந்த இணக்கத்துக்கு உறுதி தருவதில்லை. ஈயத்தின் நச்சைத் தவிர்க்கச் செம்புக் குண்டுகளுக்கு மாறுவோர் பெருகி வரும் இக்காலத்தில் இது பட்டறைகளுக்குப் புதிய வேலையாக வந்துள்ளது: செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்ததாதலால் அக்குண்டுகள் அதே நீளத்துக்கு எடை குறைந்து, குழலை வேறு நேரத்தில் கடக்கின்றன, முன்தலைமுறையினர் ஈயக்குண்டுக்கு நேர்ப்படுத்திய இரட்டைக்குழல்கள் அவற்றோடு இணங்காதபோது, பழைய பற்றை இளக்கி ஆப்பை நகர்த்தும் வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.