தட்டுப்பாட்டிற் பிறந்த வண்டி

1948 ஆம் ஆண்டில் லாண்ட் ரோவர் வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியது. அதனாலேயே அதன் மேற்தகடுகளை அலுமினியக் கலப்புலோகத்தால் அமைத்தனர். தட்டுப்பாட்டிற் பிறந்த அவ்வண்டி, 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்கள் வன்னியிலும் தட்டுப்பாட்டோடேயே வாழ்ந்தது.

பெற்றோல் கிடைத்தற்கரிய அந்நாளில் மண்ணெண்ணெயே துணை. குளிர்ந்த இயந்திரத்தில் அஃது எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாது எஞ்சுவது கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும்; ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். இவ்வளவையும் என் தந்தையார் முற்றத்து வேம்பின் கீழேயே செய்தார். மாரிச் சேற்றில் நோயாளரை ஏற்றிச் செல்ல, நான்கு சில்லும் இழுக்கும் வண்டி எங்கள் ஊருக்கு அதுவொன்றே.

2009 இன் இடப்பெயர்வில் அவ்வண்டி போயிற்று, கைப்பழக்கம் போகவில்லை. இன்று என் முற்றத்தில் நிற்பது பின்னர் வாங்கிய இன்னொரு பழைய லாண்ட் ரோவர். “ஜப்பானிய டீசல் இயந்திரத்தைப் பூட்டிவிடுங்கள்” என்கின்றனர் நண்பர்கள். எரிபொருட் செலவு குறையும்; உண்மையே. பூட்டத்தான் போகிறேன். ஆனால் அதற்குமுன், பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட என் மகளுக்குக் கற்பித்து வருகிறேன். 2022 இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றதைக் கண்டோம். அடுத்த தட்டுப்பாடு எவ்வடிவில் வருமென்று யாரறிவார்?