எந்த நாளை எழுதுவது?

ஸ்காபரோவில் நான் முன்பு குடியிருந்த மாடிக் கட்டடத்தில் அம்புலன்ஸ் பணியாளர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் அழைப்பேன். பதினேழு ஆண்டுகள் செய்த வேலையை 2013 டிசம்பரில் விட்டுவிட்டார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மின்தூக்கியின் மணி ஒலித்தால் மட்டும் ஒரு கணம் விறைத்து நிற்பார்.

நட்டஈட்டுப் படிவத்தை நிரப்ப உதவும்படி ஒரு மாலை என்னை அழைத்தார். சம்பவம் நடந்த திகதியைக் கேட்கும் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தேநீர் ஆறும்வரை அவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"எந்த நாளைத் தம்பி எழுதுறது?"

அன்றைய ஒன்ராறியோச் சட்டப்படி, மன உளைச்சலுக்கு நட்டஈடு கேட்பவர், வேலையில் திடீரென்றும் எதிர்பாராமலும் நிகழ்ந்த ஒரு கொடிய சம்பவமே அதற்குக் காரணம் என்று காட்ட வேண்டும். இதை வாசித்துச் சொன்னபோது அண்ணை மெல்லச் சிரித்தார். விபத்தை எதிர்பார்த்து இருப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம்? எதிர்பாராதது என்று அவர் எதைச் சொல்வார்?

இலக்கிய வாசகர்களான நாமும் கதையில் ஒரு திருப்பத்தைத் தேடிப் பழகியவர்கள். சட்டமும் அவரிடம் அப்படியொரு கதையைத்தான் கேட்டது. அவரிடம் இருந்ததோ பதினேழு ஆண்டுகள். ஒரு நாளைத் தேர்ந்தால் மற்ற நாள்களுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கும் என்றார். தேர்ந்த அந்த நாளையும் முன்பின் அறியாதவர்கள் முன் மீண்டும் மீண்டும் விவரிக்க வேண்டும். அவரால் முடியாதது அதுதான். படிவம் அனுப்பப்படவே இல்லை.

2016 ஏப்ரலில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பொலிஸார், தீயணைப்பாளர், அம்புலன்ஸ் பணியாளர், சிறை அலுவலர், அவசர அழைப்புகளை ஏற்று உதவி அனுப்புவோர் ஆகியோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருப்பதை மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிசெய்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் கொள்ளும். அன்று என்று மறுப்பதானால் அதற்குத்தான் ஆதாரம் காட்டப்பட வேண்டும். அல்பேர்ட்டா மாகாணம் 2012இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. ஒன்ராறியோவில் 2018இல் தாதியரும் இதில் சேர்க்கப்பட்டனர்.

சட்டமொழியில் இதற்கு அனுமானம் என்று பெயர். வறண்ட சொல்தான். ஆயினும், காயத்தைத் திறந்து காட்டு என்று கேளாமல் ஒரு மனிதரை நம்புவதற்கு அரசிடம் இருக்கும் சொல் இதுவே என்று எனக்குத் தோன்றியது. அந்த மகிழ்ச்சியோடுதான் சட்டத்தை மேலும் வாசித்தேன்.

2014 ஏப்ரல் 6ஆம் திகதியன்றோ அதன் பின்னரோ ஒரு நாளாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும் என்றது ஒரு விதி. அண்ணை வேலையை விட்டது அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு. எல்லைக்கோடு இல்லாமல் சட்டம் எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். கோட்டுக்கு அப்பால் நிற்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அதிலயும் ஒரு திகதி கேக்கிறாங்களோ?" என்று மட்டும் கேட்டார்.