ரெடிமேட் துப்பாக்கியும் அளவெடுத்த துப்பாக்கியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது.

கொலராடோவுல குடியேறி பல வருஷம் ஆச்சு. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் இழுத்துட்டுப் போனதுல வேட்டைப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. தயிர்சாதம் பிசையிற கையில துப்பாக்கியான்னு தங்கமணி இன்னமும் நக்கலடிக்கிறது தனிக்கதை.

2021 நவம்பர். எல்க்னு ஒரு மான் சாதி. நம்மூர் மிளாவுக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க, வளர்ந்த ஆண் 300 கிலோ தாராளமா வரும். அப்போ என்கிட்ட சொந்தத் துப்பாக்கி கிடையாது. நண்பர்கிட்ட இருந்த ரெண்டுல ஒண்ணை, ஒரு .30-06 ரைஃபிளை, இரவல் வாங்கியிருந்தேன். சாயங்காலம், எதிர்ச் சரிவுல சுமார் 250 கெஜத்துல ஒண்ணு நிக்குது. மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து சுட்டேன். ஸ்கோப் பின்னால வந்து புருவத்துல இடிச்சு ரத்தம். எல்க் ஒரு துள்ளு துள்ளிட்டு மரங்களுக்குள்ள போயிடுச்சு.

ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடினோம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் தேடினோம். பனியில நாலஞ்சு சொட்டு ரத்தம், அதோட சரி. சீசன் முடிய இன்னும் நாள் இருந்துச்சு. எனக்கு மனசு வரலை. என் கணக்கு தீர்ந்ததுன்னு வீட்டுக்கு வந்துட்டேன். எங்கேயோ ஒரு மரத்தடியில அது படுத்திருக்குங்கற நினைப்பு பல ராத்திரி தூங்க விடலை.

மனுஷ புத்தி என்ன பண்ணும்? பழியைத் துப்பாக்கி மேல போடும். இரவல் துப்பாக்கி, அதான் இப்படி. நமக்கே நமக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கணும்னு முடிவு பண்ணி, பக்கத்து ஊர்ல இருக்கற ஒரு கன்ஸ்மித்கிட்ட போனேன். நம்ம பாஷையில துப்பாக்கி ஆசாரி. எழுபது வயசுப் பெரியவர்.

கஸ்டம்னா என்னன்னு பொறுமையா விளக்கினார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டற பாகத்தை ஆக்‌ஷன்னு சொல்றாங்க. அதை லேத்துல போட்டு கோணல் எடுக்கணும். பேரலைத் தனியா வரவழைச்சு, தோட்டா உட்காருற அறையை அளவா கடையணும். கட்டையில (ஸ்டாக்) ஆக்‌ஷன் ஆடாம உட்கார எபாக்ஸி ஊத்தி படுகை போடணும். ட்ரிகர் மாத்தணும். வால்நட் மரக்கட்டை வேணும்னா அதுக்குத் தனி காசு. மொத்தம் 5,500 டாலர், ஸ்கோப் சேர்க்காம. ஒரு வருஷம் காத்திருக்கணும்.

நான் தலையாட்டிக்கிட்டே செக்புக்கைத் தொட்டேன். அவர் விடலை. "ஏன் இப்போ இது வேணும்?"னு கேட்டார். எல்க் கதையைச் சொன்னேன்.

ஒண்ணும் பேசாம தன்னோட துப்பாக்கி ஒண்ணையும் பேப்பர் தட்டு அஞ்சையும் எடுத்துக்கிட்டு பின்னாடி இருந்த மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மேஜையில மணல் மூட்டை வச்சு 100 கெஜத்துல சுடச் சொன்னார். மூணு குண்டும் ஒரு இஞ்சுக்குள்ள. எனக்கு பெருமை தாங்கலை. அப்புறம் 200 கெஜத்துல தட்டுகளை வச்சு, தரையில உட்கார்ந்து தட்டுக்கு ஒண்ணா சுடச் சொன்னார். ஒவ்வொண்ணும் 9 இஞ்ச் அகலம். எல்க்கோட நெஞ்சுல உயிர்நிலை இருக்கற இடம் அதைவிடக் கொஞ்சம் பெரிசுதான்.

அஞ்சுல ரெண்டு பட்டுச்சு. மூணு தட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சுது.

பெரியவர் கணக்கு போட்டுக் காட்டினார். இன்னிக்கு நல்ல ஃபேக்டரி துப்பாக்கி 100 கெஜத்துல மூணு குண்டை ஒரு இஞ்சுக்குள்ள போடும். டிக்கா மாதிரி கம்பெனிகள் அதுக்கு உத்தரவாதமே தர்றாங்க. கஸ்டம் அரை இஞ்சுக்குள்ள போடும். 300 கெஜத்துல அது முறையே மூணு இஞ்ச், ஒன்றரை இஞ்ச். வித்தியாசம் ஒன்றரை இஞ்ச். "உன் கை ஆடுறது இருபது இஞ்ச்"னார். ஐயாயிரம் டாலர் குடுத்து ஒன்றரை இஞ்சை வாங்கிட்டு, மீதியை என்ன செய்யப் போறேன்?

மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆனா அவர் அதோட நிறுத்தலை. என் புருவத் தழும்பைப் பார்த்துட்டு, "இதுல மட்டும் துப்பாக்கிக்கும் பங்கு இருக்கு"ன்னார்.

விஷயம் இதுதான். ஃபேக்டரி துப்பாக்கிகள்ல ட்ரிகர்ல இருந்து கட்டையோட நுனி வரைக்கும் பெரும்பாலும் 13½ இஞ்சுக்கு மேல இருக்கும். அது சராசரி அமெரிக்க ஆம்பளைக்கான அளவு. நான் அஞ்சடி நாலு. மேல தடி ஜாக்கெட் வேற. கட்டை தோள்ல பொருந்தாது, கழுத்தை முன்னாடி நீட்டித்தான் ஸ்கோப்புல பார்க்க முடியும். வெடிக்கும்போது வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான். அந்த பயத்துல கண்ணை மூடிக்கிட்டு ட்ரிகரை வெடுக்குனு இழுத்திருக்கேன்.

ரெடிமேட் பேன்ட் வாங்கினா என்ன செய்வோம்? தெருமுனை டெய்லர்கிட்ட குடுத்து காலைக் கத்தரிப்போம். அதேதான். 850 டாலருக்கு .308-ல ஒரு டிக்கா டி3எக்ஸ் வாங்கினேன். பெரியவர் கட்டையை ஒரு இஞ்ச் வெட்டி, புது ரப்பர் பேட் ஒட்டிக் குடுத்தார். கூலி 150 டாலர். மிச்சக் காசுல தோட்டா வாங்கச் சொன்னார். ஒரு வருஷம் மாசம் ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்தும், மண்டி போட்டும், மலையேறி மூச்சு வாங்கிட்டும் பேப்பர் தட்டைச் சுட்டேன்.

அதுக்காக கஸ்டம் வேஸ்டுன்னு சொல்ல வரலை. மலையில சுமக்க ரொம்ப லேசா வேணும்ங்கறவங்க, இடதுகைக்காரங்க, பேரனுக்கு குடுக்க அழகா ஒண்ணு வேணும்னு நினைக்கறவங்க தாராளமா செய்யட்டும். நான் வாங்கப் போனது துப்பாக்கி இல்லை, பாவமன்னிப்பு. அது கடையில கிடைக்காது.

2022-ல ஒரு எல்க் 280 கெஜத்துல நின்னுச்சு. சுடலை. என் எல்லை 200-னு அதுக்குள்ள தெரிஞ்சிருந்துச்சு. நண்பர் திட்டினார். 2023-ல 130 கெஜம், ஒரே குண்டு, அம்பது அடி தாண்டலை. பக்கத்துல போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கமணி மிளகு வறுவல் பண்ணினா, நக்கல் எதுவும் அடிக்கலை.

புருவத் தழும்பு அப்படியே இருக்கு. ஒவ்வொரு தடவை ஸ்கோப்புல கண் வைக்கும்போதும் அந்த முதல் எல்க் ஞாபகம் வரும். வரணும்.

டிஸ்கி: இது கொலராடோ கதை, லைசென்ஸ் எடுத்து செஞ்ச வேட்டை. நம்மூர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மிளா மேல கை வச்சா கம்பி எண்ணணும். ஆசைப்படாதீங்க மக்கா!