ஹிந்த் மோட்டாரும் மல்லிக் பஜாரும்

கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளி கோவிலையும், பேலூர் மடத்தையும், ஹௌரா பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அவை யாவும் பார்க்கத் தக்கவையே. ஆயினும், கலியாண ஊர்வலம் முதல் மந்திரிமார் பவனி வரையில் நம் தேசத்தின் சகல வைபவங்களையும் முதுகில் சுமந்த அம்பாஸடர் மோட்டார் வண்டி எங்கே பிறந்தது, இப்பொழுது எங்கே உயிர் தரித்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போய்வர வேண்டும். ஒன்று ஹிந்த் மோட்டார். மற்றொன்று மல்லிக் பஜார். முன்னது தொட்டில், பின்னது வைத்தியசாலை.

ஹௌராவில் பர்த்வான் மார்க்கத்து லோக்கல் ரயிலில் ஏறினால் லிலுவா, பேலூர், பாலி, உத்தரபாரா என்று ஸ்டேஷன்கள் ஒன்றன் பின் ஒன்றாய் வரும். வலப்பக்கம் சற்றுத் தூரத்தில் ஹூக்ளி நதி கூடவே வருகிறது. உத்தரபாரா ஊரளவில் சிறியதாயினும் சரித்திரத்தில் பெரியது. 1859-ம் வருஷத்தில் ஜெயகிருஷ்ண முகர்ஜி ஸ்தாபித்த பொது நூல்நிலையம் இந்த ஊரில் இருக்கிறது. அலிப்பூர் வழக்கில் விடுதலையான ஸ்ரீ அரவிந்தர் 1909-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி தமது புகழ் பெற்ற பிரசங்கத்தைச் செய்ததும் இங்கேதான். மறு வருஷமே அவர் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

உத்தரபாராவுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அதன் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் புதிதாய் வருகிறவர்களுக்குச் சற்று வியப்பாயிருக்கும். ஊர்ப் பெயரும் இல்லை, சுவாமி பெயரும் இல்லை. "ஹிந்த் மோட்டார்" என்று ஒரு தொழிற்சாலையின் பெயரையே அந்த ஸ்டேஷன் தாங்கி நிற்கிறது. பிர்லா குடும்பத்தார் 1942-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியைக் குஜராத் கடற்கரையிலுள்ள ஓகா துறைமுகத்தில் தொடங்கினார்கள். தேசம் சுதந்திரம் அடைந்த மறு வருஷம், அதாவது 1948-ல், தொழிற்சாலை உத்தரபாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாவது வார்ப்பை ஆதாரமாகக் கொண்டு 1957-ல் அம்பாஸடர் பிறந்தது. 2014-ம் வருஷம் மே மாதத்தில் வேலை நின்றது. மதிலுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இன்று புது வண்டி எதுவும் தென்படாது. ஸ்டேஷன் பலகையில் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

தொட்டிலைப் பார்த்தாயிற்று. வைத்தியசாலைக்குப் போகுமுன் நோய் இன்னதென்று சொல்லிவிட வேண்டும்.

அம்பாஸடர் வண்டியில் நெடுங்காலம் இருந்தது 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 55 குதிரைச் சக்தியும் உள்ள பெட்ரோல் யந்திரம். ஐந்து பேர் உட்கார்ந்து, மேலே ஒரு மெத்தையும் இரண்டு டிரங்குப் பெட்டியும் கட்டிக்கொண்டு மெதுவாய்ப் போகிற காலத்தில் அது போதுமானதாயிருந்தது. உலகமெங்கும் யந்திரங்கள் மாறிக்கொண்டு வந்தபோது இங்கே மட்டும் அதே இருதயம் அதே கதியில் அடித்துக்கொண்டிருந்தது. வெளி தேசத்து வண்டிகள் உள்ளே வரத் தடை; உள் தேசத்திலோ போட்டி மிகச் சொற்பம்; வண்டி வாங்குகிறவர்களோ பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். அப்படியிருக்க, அபிவிருத்தி செய்யவேண்டுமென்ற எண்ணம் யாருக்கு உதிக்கும்? 1983-ல் மாருதி வந்த பிறகே விழிப்பு உண்டாயிற்று. 1990-களின் தொடக்கத்தில், ஜப்பான் தேசத்து இஸுஸு கம்பெனியின் 1,817 கன சென்டிமீட்டர் யந்திரம் அம்பாஸடருக்குள் ஏறியது. சக்தி 75 குதிரைகளாயிற்று. கியரும் நாலிலிருந்து ஐந்தாயிற்று.

இருதயம் புதிதாயிற்றே தவிர, பின்புறத்து அமைப்பு கடைசி வரையில் பழைய மாதிரியே இருந்தது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு. அதைத் தாங்குவதற்கு ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிய இரும்புப் பட்டைகள். நம் பாட்டனார் காலத்து வில்வண்டியை நினைவில் கொண்டால் போதும். அதே வில்தான்; மாட்டுக்குப் பதில் யந்திரம்.

மல்லிக் பஜார் கல்கத்தாவின் பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பழைய மோட்டார் வண்டிகளின் உறுப்புக்களுக்கு இந்தப் பஜார் பிரசித்தம். கதவு, விளக்கு, பல் சக்கரம் என்று எந்த உறுப்பைக் கேட்டாலும் யாராவது ஒருவர் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுப்பார்.

அதன் அருகே ஒரு சந்தில், வயது முதிர்ந்த மிஸ்திரி ஒருவரின் பட்டறையில் வெண்ணிற அம்பாஸடர் ஒன்று கட்டைகளின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அதன் சொந்தக்காரர். அவருடைய தகப்பனார் 1964-ல் வாங்கிய வண்டி அது. எண்பத்தெட்டு வயதான தாயாரை அதே வண்டியில் ஒருமுறை பூரி ஜகந்நாதர் சந்நிதிக்கு அழைத்துப் போகவேண்டுமென்பது ஆசிரியரின் ஆசை. பெரு வழிச்சாலையில் லாரிகளுக்கு இடையே பழைய யந்திரம் மூச்சுத் திணறுகிறதாகையால், இஸுஸு யந்திரம் ஒன்றை அவர் முன்னமே வாங்கி மூலையில் வைத்திருந்தார்.

"உஸ்தாத், யந்திரத்தை எப்பொழுது ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார் ஆசிரியர்.

"எல்லாவற்றுக்கும் கடைசியில், மாஸ்டர் பாபு" என்றார் மிஸ்திரி. "முதலில் சாலையைத் தொடுகிற இடத்தைப் பார்ப்போம். அங்கிருந்து முன்னால் வருவோம்."

இந்த ஒரு வார்த்தையில் அவருடைய சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. அதைச் சற்று விரித்துச் சொன்னால் வாசகர்களுக்கும் பயன்படும்.

யந்திரத்தில் பிறக்கும் முறுக்கு விசை கிளட்ச், கியர் பெட்டி, நீண்ட சுழல் தண்டு, பின் அச்சின் நடுவிலுள்ள பல் சக்கரங்கள் ஆகியவற்றைக் கடந்தே சக்கரத்தை அடைகிறது. முதல் கியரில் அந்த விசை பத்து மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அது அறும். ஆகவே பழைய கிளட்சையும் பழைய கியர் பெட்டியையும் வைத்துக்கொண்டு புது யந்திரத்தை மட்டும் பூட்டுவது புத்திசாலித்தனமன்று. யந்திரத்தையும் அதற்குரிய ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். பெட்டியின் நீளம் மாறினால் சுழல் தண்டின் நீளமும் மாற வேண்டும். மாற்றிய தண்டைச் சுழற்றிச் சமன்படுத்தாவிட்டால், வேகம் ஏற ஏற வண்டி முழுவதும் ஜுரம் கண்டதுபோல் நடுங்கும்.

இதைவிட முக்கியமானது வில்லின் சங்கதி. சக்கரம் முன்நோக்கிச் சுழலும்போது அச்சின் உறை எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது இரும்புப் பட்டைகளே. விசை அதிகமானால் பட்டைகள் பாம்புபோல் வளைகின்றன. சக்கரம் பிடி நழுவிய கணத்தில் பட்டைகள் விரைந்து நிமிர, மறுபடி வளைய, மறுபடி நிமிர, பின்புறம் தடதடவென்று குதிக்கிறது. வாலிபர்கள் இதைச் சக்தியின் அடையாளமென்று எண்ணி மகிழ்வதுண்டு. உண்மையில் அது சக்தி வீணாவதன் அடையாளம்; வளைவில் நேர்ந்தால் அபாயத்தின் அடையாளமும் ஆகும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. சோர்ந்துபோன பட்டைகளை மாற்றி, முன் பாதியில் விறைப்பைக் கூட்ட வேண்டும். ஷாக் அப்ஸார்பர்களைப் புதுப்பிக்க வேண்டும். இரு பக்கமும் அச்சிலிருந்து முன்னோக்கி ஓர் இரும்புத் தண்டைக் கொடுத்து, உறை திரும்பாதபடி கட்டிவிட வேண்டும். ஆனால் அம்பாஸடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். துருப்பிடித்த தகட்டில் அந்தத் தண்டைப் பற்றவைத்தால் தகடு கிழிந்து வரும். எனவே மிஸ்திரி முதலில் செய்தது, வண்டியின் அடிவயிற்றைச் சுரண்டி, துரு தின்ற இடங்களை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்ததுதான். ஆசிரியர் வாங்கி வைத்த யந்திரம் அது வரையில் மூலையிலேயே காத்திருந்தது.

பிரேக்கையும் மறக்கலாகாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதற்கும் 85-ல் போவதை நிறுத்துவதற்கும் வித்தியாசம் 25 அன்று. தணிக்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு. போகத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கார் சட்டமும் ஒன்று உண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, யந்திரத்தை மாற்றுகிறவர்கள் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, புத்தகத்திலும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"இவ்வளவும் செய்வதற்குப் புது வண்டியே வாங்கிவிடலாமே?" என்று நான் ஆசிரியரைக் கேட்டேன்.

"வாங்கலாம். ஆனால் அம்மா இந்தப் படியில் கால் வைத்து ஏறிப் பழகியவள்" என்றார் அவர்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹிந்த் மோட்டார் மதிலின் வெளியே நின்றபோது தோன்றாத ஒரு விஷயம் மல்லிக் பஜாரில் விளங்கிற்று. பிறர் வரைந்த உடலும், பிறர் வார்த்த இருதயமும் வாங்கி வைப்பது ஒரு தேசத்துக்குக் கஷ்டமான காரியமன்று. வந்த சக்தியைத் தாங்கும் அச்சையும் வில்லையும் தகட்டையும் நாமே ஆராய்ந்து, நாமே திருத்தி, வருஷந்தோறும் பலப்படுத்திக்கொண்டு போவதுதான் கஷ்டம். தடைமதிலுக்குள் பத்திரமாயிருந்த பெரிய ஆலைக்குக் காலத்தில் கைகூடாத அந்த வித்தை, எண்ணெய்க் கறை படிந்த ஒரு சந்தில், பள்ளிப் படிப்பில்லாத ஒரு கிழவரின் விரல்களில் இருக்கிறது. சுதேசி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

15 வயது கடந்த வாடகை வண்டிகளுக்குக் கல்கத்தாவில் இடமில்லை என்ற விதியால், மஞ்சள் அம்பாஸடர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன. அவை குறையும்போது பழுது பார்க்கும் கைகளும் குறையும். கல்கத்தா செல்லும் அன்பர்கள் காளி தரிசனத்துக்குப் பின் ஒரு பிற்பகலை மல்லிக் பஜாருக்கு ஒதுக்கட்டும். குழந்தைகளையும் அழைத்துப் போகட்டும். சட்டையில் கொஞ்சம் கறை படியும், பாதகமில்லை.